வடைக் கடைக்கு ஆதரவாக இரண்டு கட்டுரைகள்

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஓர் ஊராட்சி மன்றத்தில் வேலை பார்த்தவன். எந்த ஊர் மன்றம் என்பது முக்கியமில்லை. எல்லா மன்றங்களிலும் ஃபைல் ஒரே மாதிரிதான் தொலையும். பொதுமக்கள் எழுதும் கடிதங்கள் முதலில் என் மேசைக்கு வரும். சாக்கடை, தெருநாய், பக்கத்து வீட்டு மாமரம், எரியாத சாலை விளக்கு, மறுபடியும் தெருநாய். எதை யாருக்கு அனுப்புவது, எதை யாருக்கும் அனுப்பாமல் இருப்பது என்று முடிவு செய்வதுதான் என் உத்தியோகம். அதை நான் நன்றாகவே செய்தேன். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. கையில் கிடைத்ததைப் படிக்க ஆரம்பித்தேன். தண்ணீர்க் கட்டண ரசீதின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், மாவு பாக்கெட்டில் அச்சிட்ட செய்முறை. ஒரு நாள் அந்தச் செய்முறையில் மூன்றாவதாகச் சொன்னதை இரண்டாவதாகச் செய்கிறாய் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார், கை கழுவினார், தொலைபேசியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் போனால் அரை மணி நேரத்தில் ஒரு தோட்டம் வரும். தோட்டம் என்பது பெயரில்தான். ரப்பர் மரங்கள் போய் வெகு காலமாகிறது. அந்த இடத்தில் மூன்று தாமான் குடியிருப்புகள், ஒரு டயர் கடை, ஒரு கோயில், ஒரு மண்டபம். அங்கே இன்று வீடு வாங்கிக் குடிவந்த சீனக் குடும்பம்கூட ‘தோட்டத்தில் இருக்கிறோம்’ என்றுதான் சொல்கிறது. அந்த மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு எஸ்.பி.எம். தேர்வுத் தமிழுக்கு விவாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. என் மனைவியின் தோழி அந்த மண்டபக் குழுவில் இருந்தார். என்னிடம் சம்மதம் கேட்கும் கட்டம் மட்டும் நடைமுறையில் விட்டுப்போயிருந்தது.

முதல் வாரம் சமூக ஊடகத்தால் நன்மையா தீமையா என்று எழுதச் சொன்னேன். எல்லாக் கட்டுரைகளும் ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கின. எல்லாக் கட்டுரைகளும் ‘அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்’ என்று முடிந்தன. இடையில் பெற்றோருக்கு ஒரு பத்தி அறிவுரை, ஆசிரியருக்கு ஒரு பத்தி, ஊடகங்களுக்கு ஒரு பத்தி. சமூக ஊடகம் என்ற சொல்லை அடித்துவிட்டு டெங்கிக் கொசு என்று எழுதினாலும் கட்டுரை கெடாது. பள்ளியில் அப்படி மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கிறது, அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

ஒருவனுடைய கட்டுரையில் மட்டும் முதல் அரைப் பக்கம் வித்தியாசமாக இருந்தது. அவன் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்குகிறவன். ‘மாண்புமிகு அமைச்சர் அவர்களே, மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, பள்ளி முதல்வர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே’ என்று பதவிக்காரர், பட்டக்காரர் எல்லோருக்கும் வரிசையாக வணக்கம் சொல்லியிருந்தான்.

“இது எந்த டத்தோ?” என்று கேட்டேன்.

“தெரியல சார்.”

“இந்த மண்டபத்துல டத்தோ யாராவது இருக்காங்களா?”

“இல்ல சார். ஆனா நாம சொல்லாம விட்டு, அப்புறம் யாராச்சும் இருந்துட்டாங்கன்னா?”

இந்த நாட்டில் ஒரு தடவையாவது மேடையேறியவர்களுக்கு அந்தப் பயம் புரியும். எனக்கும் புரிந்தது. பின்வரிசையில் இருந்த பெண்ணுக்குத்தான் புரியவில்லை. அவள் டயர் கடைக்காரர் மகள்; அதுவரை வாய் திறக்காதவள்.

“டத்தோல்லாம் படிக்க மாட்டாருடா. யாராச்சும் படிச்சிட்டு அவருக்குச் சொல்லுவாங்க,” என்றாள்.

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வருடமாக அந்த ‘யாராச்சும்’ நான்தான்.

எனக்குக் கற்பிக்கத் தெரியாது. ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் யாரை நினைத்துப் பயப்படுகிறார்களோ அந்த ஆளாக உட்காரத் தெரியும். மண்டபத்தின் நடுவில் மேசையைப் போட்டேன். வெற்றிலை பாக்கு வைக்கும் தட்டுகள் மூன்றைக் கோயில் அறையிலிருந்து எடுத்து வரச் சொல்லி வரிசையாக வைத்தேன். ஒவ்வொருவராக வந்து கட்டுரையைப் படிக்க வேண்டும். எனக்கு அலுத்துப்போன இடத்தில் நிறுத்திவிட்டு, தாளை வாங்கி மூலையில் பென்சிலால் ஏதாவது எழுதித் தட்டில் போடுவேன். முதல் தட்டு ‘நடவடிக்கை’. இரண்டாவது ‘வேறு பிரிவுக்கு’. மூன்றாவது ‘கே.ஐ.வி.’

“கே.ஐ.வி.ன்னா என்னா சார்?”

“பார்வையில் வைத்திரு என்று அர்த்தம். அப்படி எழுதிவிட்டால் அதற்கப்புறம் அது யார் பார்வையிலும் படாது.”

அன்று எல்லாத் தாளும் மூன்றாவது தட்டுக்கே போயிற்று. பேச்சுப் போட்டிக்காரனுடையது டத்தோவைத் தாண்டவில்லை. பிள்ளைகளுக்கு இது வினோதமாகப் பிடித்துப்போனது. அடுத்த வாரம் வருகைப் பதிவு எடுத்தபோது, ‘சார் பெரட்டு எடுக்குறாரு’ என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணும் வழக்கம். இந்தப் பிள்ளைகளில் எவரும் அதைப் பார்த்ததில்லை, சொல் மட்டும் வீட்டுக்குள் தங்கியிருக்கிறது.

நான் சொன்னது மூன்றே விஷயங்கள். என்ன வேண்டும் என்பதை முதல் பத்தியில் சொல்லிவிடு. யார் படிக்கப் போகிறார் என்று தெரிந்து எழுது. கண்ணால் பார்த்ததை எழுது: எந்த இடம், எந்த நேரம், என்ன நடந்தது. ‘பொதுமக்கள் அவதியுறுகின்றனர்’ என்றால் எனக்குக் கொட்டாவி வரும். ‘மழை பெய்தால் ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்’ என்றால் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

எதைப் பற்றி எழுதுவது என்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை. அது மூன்றரை மணிக்கு விடும் இடைவேளையில் கிடைத்தது.

மண்டபத்துக்கு எதிரே, அந்தக் காலத்தில் ரப்பர் பால் எடைபோட்ட ஸ்டோரின் வாசலில், ஒரு அக்கா பிற்பகலில் வடை சுடுவார். கடலைப்பருப்பு வடை, உளுந்து வடை, கூடவே முழுப் பச்சை மிளகாய். காலையில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை, அது முடிந்ததும் கடை. வயதில் எனக்கு இளையவர். ஆனால் ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அன்று கடைசி இரண்டு கடலை வடைக்கு ஐந்து பேர் சண்டை போட்டார்கள். தான் ஏன் முதலில் சாப்பிட வேண்டும் என்பதற்கு ஒவ்வொருவரும் சொன்ன காரணம், சமூக ஊடகம் பற்றி எழுதிய எதையும்விட நன்றாக இருந்தது. ‘இன்றைய நவீன உலகில்’ என்று யாரும் தொடங்கவில்லை.

“உள்ளே வாங்க. சாலையோரக் கடை வேணுமா வேண்டாமா. இந்தக் கடையை வைத்து எழுதுங்க,” என்றேன்.

டயர் கடைக்காரர் மகள் எழுதியதைப் படித்தபோது நான் நிறுத்தவே இல்லை. ‘மழை வந்தால் இந்த அக்கா குடையைத் தனக்குப் பிடிக்க மாட்டார், எண்ணெய்ச் சட்டிக்குப் பிடிப்பார்’ என்று ஒரு வரி. ‘பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய ஸ்டோர் வாசலில் வந்து நின்றால் எங்கள் ஊரில் யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்துவிடும்’ என்று இன்னொரு வரி. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: ‘யாரிடமும் அனுமதி கேட்காமல், யார் கையையும் எதிர்பார்க்காமல், ஒரு பெண் பத்து வருடத்துக்கு மேல் இங்கே தனியாக நிற்கிறார். இந்தக் கடை இங்கேயே இருக்க வேண்டும்.’

அந்தக் கடைசி இடத்துக்கு நான் சிவப்பு மையில் இரண்டு சரி போட்டேன். தாளை முதல் தட்டில் வைத்தேன். வகுப்பே கைதட்டியது.

ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மாணவர் பக்கத்துக்கு அதை அனுப்பினோம். போட்டார்கள். அக்கா அந்தப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, கடைக் கம்பத்தில் கட்டினார். வருகிறவர்களிடம் ‘நம்மளப் பத்தித்தான்’ என்று கரண்டியால் காட்டுவார். அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து கார்கள் வந்தன. கோலா கங்சாரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, வடையைக் கையில் வைத்துக் கம்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு போனது. அக்கா மாவை இரண்டு மடங்காக அரைத்தார். என் மாணவர்களுக்கு வடை கிடைக்கவில்லை. எழுத்தின் வலிமை பற்றி நான் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை இடைவேளையில் நாங்கள் எல்லோரும் கடையில் நின்றபோது, மோட்டார் சைக்கிளில் மன்றச் சீருடையோடு ஒரு மலாய் இளைஞர் வந்து இறங்கினார். கையில் ஒரு ஃபைல். அந்த ஃபைலின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு மன்றத்திலும் நாளிதழ் வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா, உண்டு. சீனப் பத்திரிகை, தமிழ்ப் பத்திரிகை எல்லாம் பார்த்து, மன்றத்துக்குச் சம்பந்தமானதை வெட்டி, மலாயில் இரண்டு வரி எழுதி மேலே அனுப்புவார். எனக்கு இது தெரியும். பல வருடம் அந்த வெட்டுகளில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த இளைஞர் ஃபைலைத் திறந்து காட்டினார். எங்கள் பெண்ணின் கட்டுரை அழகாக ஒட்டப்பட்டிருந்தது. மேலே மலாயில் சுருக்கம்: ‘உரிமம் இல்லாத வடைக் கடை. இடம், பழைய ஸ்டோர் வாசல். நேரம், பிற்பகல் மூன்று முதல். பத்தாண்டுக்கு மேல். அனுமதி பெறவில்லை என்று கட்டுரையிலேயே உள்ளது.’

நல்ல சுருக்கம். ஒரு சொல் அதிகமில்லை. இடமும் நேரமும் தேடி கிராணி சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. நான் அவ்வளவு தெளிவாக எழுதக் கற்றுக்கொடுத்திருந்தேன். அனுமதி என்ற சொல் என் கண்ணில் பட்டு, அதற்கு நான் இரண்டு சரி வேறு போட்டிருந்தேன். ஆசிரியராக இருந்த இரண்டே மாதத்தில் அதிகாரி மூளை எங்கே போயிற்று என்று இன்னும் விளங்கவில்லை.

இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு வாரத்துக்குள் லெசெனுக்கு, அதாவது உரிமத்துக்கு, மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் கடையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி நோட்டீஸைக் கொடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து வடை கேட்டார். அக்கா காசு வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை, எண்ணி வைத்தார். ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக் கண் கலங்கி, ‘காக்’ என்று அக்காவைக் கூப்பிட்டு, ‘நாளைக்கும் இந்த மிளகாய் இருக்குமா?’ என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

“நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்,” என்றாள் டயர் கடைக்காரர் மகள். வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

“அட நீ ஏம்மா,” என்றார் அக்கா. “நீ நல்லாத்தான் எழுதுன. படிச்சதும் எனக்கே ஒரு வட சாப்பிடணும்போல இருந்துச்சு. விடு. அடுத்த வாரத்தோட மூடிருவோம்.”

“மூடறதா? மனுப் போட்டால் லெசென் கிடைக்கும்,” என்றேன்.

அக்கா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அண்ணே, இத்தன வருசமா நான் கேக்கல, யாரும் இல்லன்னு சொல்லல. இப்ப போய்க் கேட்டா இல்லன்னு சொல்லுவாங்க. கேட்டாத்தானே இல்லம்பாங்க?”

என் பணிக்காலத்தில் நான் சந்தித்த வாதங்களில் இதுபோல எல்லாப் பக்கமும் அடைத்த வாதம் இன்னொன்று இல்லை. நானும் விடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், எல்லாவற்றையும் விளக்கினேன். டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி, அடையாள அட்டை நகல், கடையின் படம், இடத்தின் வரைபடம், எதிர்வீட்டுக்காரர் ஆட்சேபம் இல்லை என்று தரும் கையெழுத்து, எந்தக் கவுண்டர், எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்த இடத்தில் ஃபைல் வழக்கமாக நிற்கும், நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும். அக்கா வடையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“புரியுதா அக்கா?”

“நல்லாப் புரிஞ்சிச்சு அண்ணே. அடுத்த வாரம்வரைக்கும் ஏன் இழுக்கணும், இன்னைக்கே மூடிறலாம்னு தோணுது.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். “அவங்க ‘எப்படி’ன்னு கேட்கல. ‘எதுக்கு’ன்னு கேக்குறாங்க. நீங்க எப்பவும் எப்படின்னுதான் சொல்லுவீங்க,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் தலைப்பை நான் பலகையில் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டயர் கடைக்காரர் மகள் வந்திருந்தாள், ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

“இந்தத் தடவை படிக்கப்போறது ஒரே ஆள். டத்தோ இல்லை, அரசாங்கம் இல்லை. அக்கா லெசெனுக்கு மனுப் போடணும். அவங்களச் சம்மதிக்க வைக்கணும். நான் அக்காவா உட்கார்றேன், படிச்சுக் காட்டுங்க,” என்றேன்.

பேச்சுப் போட்டிக்காரன் முதலில் வந்தான். “உழைப்பின் சிகரமே, தோட்டத்துத் தாரகையே” என்று தொடங்கினான்.

“தம்பி, தங்கள் கருத்தைச் சுருக்கமாகக் கூறலாமே,” என்றேன் நான், அக்காவாக.

“சார், அக்கா இப்படியெல்லாம் பேச மாட்டாங்க லா!” என்று வகுப்பு கூச்சல் போட்டது. “ ‘டேய், எண்ணெ காயுது, என்னான்னு சொல்லிட்டுப் போ’ம்பாங்க!”

“டேய், எண்ணெ காயுது, என்னான்னு சொல்லிட்டுப் போ,” என்றேன். அதற்குத்தான் அன்று எனக்குக் கைதட்டல்.

ஒவ்வொருவராக வந்தார்கள். லெசென் எடுத்தால் வங்கியில் கடன் வாங்கலாம் என்றான் ஒருவன். “எனக்குக் கடன் வேணாம்,” என்றேன். சட்டத்தை மதிப்பது குடிமக்களின் கடமை என்றாள் ஒருத்தி. “அப்ப இத்தன வருசம் நான் என்னா திருடியா?” என்றேன், அவள் பயந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கிளை திறக்கலாம் என்று ஒருவன் கணக்குப் போட்டு வந்திருந்தான். எல்லாம் மூன்றாவது தட்டுக்குப் போயின. இடைவேளையில் இதையெல்லாம் அவர்களே அக்காவிடம் நடித்தும் காட்டிவிட்டார்கள்.

“அது என்னா அண்ணே, கே.ஐ.வி.?” என்று அக்கா என்னிடம் கேட்டார்.

“இல்லன்னு சொல்லாம இல்லன்னு சொல்றது.”

அக்கா கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நல்லா இருக்கே! கடன் சொல்லிட்டுப் போறவனுங்களுக்கு வச்சுக்கலாம்.”

டயர் கடைக்காரர் மகள் அன்று எதையும் படிக்கவில்லை. இரண்டு வாரக் கெடு முடிய இன்னும் ஒரு வாரமே இருந்தது. அவளுக்கு எழுத வரவில்லை என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவள் எனக்கு ஃபோன் செய்தாள்.

“சார், எழுதிட்டேன். நீங்க பாக்க வேணாம். நேரா குடுக்கப்போறேன். ஆனா நீங்க இருக்கணும்.”

“நான் எதற்கு?”

“அக்கா சரின்னு சொன்னா உடனே மனு எழுத ஆள் வேணும்ல சார்.”

போனேன். பேச்சுப் போட்டிக்காரனும் வந்திருந்தான், அழைக்காமலே. அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். ஒரே பக்கம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். உதட்டை அசைத்து நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். இப்போதும் என்னிடம் ஒரு நகல் இருக்கிறது.

‘அக்கா, லெசெனுக்கு மனுப் போடுங்கள். கேட்காதவரை யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது சரிதான். யாருக்கும் தெரியாதவரை அது சரி. இப்போது தெரிந்துவிட்டது. தெரிய வைத்தது நான். அதனால் கேட்காமல் இருப்பது இனிமேல் உங்களுக்கு உதவாது.

‘கேட்டால் இல்லை என்பார்கள் என்கிறீர்கள். மன்றத்திலிருந்து வந்தவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு ஐந்து வடை வாங்கினார். நீங்கள் வேண்டாம் என்றும் காசு வைத்தார். நாளைக்கும் மிளகாய் இருக்குமா என்று கேட்டார். கடையை மூட நினைக்கிறவர் நாளைக்கு என்று கேட்க மாட்டார்.

‘ஊசி போட, பயிற்சிக்குப் போக நானும் வருகிறேன். மலாயில் சொல்வது புரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். இல்லை என்று சொன்னால் சொல்லட்டும், அப்போது மூடலாம். இப்போதே மூடினால் இல்லை என்று சொன்னது அவர்கள் இல்லை, நீங்கள்தான்.’

எண்ணெயில் கிடந்த வடைகள் கறுத்துப் புகைந்தன.

“அக்கா, வட!” என்று கத்தினான் பேச்சுப் போட்டிக்காரன்.

“போவட்டும் விடு,” என்றார் அக்கா. அடுப்பைக் குறைத்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். “மிளகாய் கேட்டாரு, இல்ல? நானும் அன்னிக்கு ராத்திரி நெனச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “என்னா அண்ணே, மனுப் போட வந்துட்டுப் பேனா இல்லாம நிக்கிறீங்க?”

என்னிடம் பேனா இருந்தது. மூன்று இருந்தது. படிவத்தைக்கூட அச்செடுத்துக் காருக்குள் வைத்திருந்தேன். அதைச் சொன்னால் மூவரும் சிரிப்பார்கள் என்பதால், எங்கேயோ தேடி எடுத்து வருவதுபோல் கார்வரைக்கும் நடந்து போய் வந்தேன். அவர்கள் நம்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது என்னுடைய துறை. அதில் நான் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஊசி போடப் போன இடத்தில் துணைக்கு வந்த பேச்சுப் போட்டிக்காரன் ஊசியைப் பார்த்ததும் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அக்கா ஊசி போட்ட கையாலேயே அவனுக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, உளுந்து வடையின் ஓட்டை இன்னும் சிறிதாக இருக்கலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார். ஃபைல் நான் சொன்ன இடத்திலேயே நின்றது. நான் சொன்னவரைக் கூப்பிட்டதும் நகர்ந்தது. கடை ஒரு நாள்கூட மூடவில்லை. மனு பரிசீலனையில் இருக்கிறது என்ற சீட்டைக் கம்பத்தில் கட்டுரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை லெசென் வந்தது. அந்த மன்ற இளைஞரே கொண்டுவந்து கொடுத்தார், வழியில் வரும்போது அப்படியே என்றார். அவர் வழி எதுவும் அந்தப் பக்கம் இல்லை.

பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அக்கா மாறிவிட்டார். தலைக்கு வலை, கைக்கு உறை. அதுவரை நான் வகுப்பில் மூன்றாவது தட்டில் விழுந்த கட்டுரைகளையெல்லாம் சேர்த்து அக்காவிடம் கொடுப்பதுண்டு. அவர் அவற்றில் வடை மடித்துக் கொடுப்பார். அந்தக் கட்டுரைகளுக்குக் கிடைத்த ஒரே வாசகர்கள் வடை வாங்கியவர்கள்தான். இப்போது தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மை ஒடம்புக்கு ஆவாது அண்ணே. அங்க சொன்னாங்க.”

“வெறும் மைதான் அக்கா, கருத்து எதுவும் இல்லை.”

“அது தெரியும். மைதான் ஆவாதுன்னாங்க.”

பழுப்புத் தாள் பை வாங்கினார். பைக்குக் காசு, லெசெனுக்குக் காசு என்று வடைக்குப் பத்து காசு ஏற்றினார். சனிக்கிழமை வகுப்பு கொதித்தது. இடைவேளை முடிந்து உள்ளே வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் தாளை எடுத்தார்கள். எழுதியது டயர் கடைக்காரர் மகள்; மற்றவர்கள் சுற்றி நின்று வரிக்கு வரி சண்டை போட்டார்கள். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்று இருந்தது. படிக்கப்போவது யார் என்று தெரிந்திருந்தது. கண்ணால் பார்த்தது இருந்தது: பழைய வடைக்கும் புது வடைக்கும் அளவு ஒன்றுதான் என்று அடிக்கோலை வைத்து அளந்திருந்தார்கள். ‘உங்களுக்கு லெசென் வாங்கித் தந்தவர்களுக்காவது பழைய விலை வேண்டும்’ என்று முடிந்திருந்தது. அனுமதி என்ற சொல் வருகிறதா என்று நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். வரவில்லை. சிவப்பு மையில் ஒரே ஒரு சரி போட்டேன்.

எல்லோரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அக்கா கையுறையைக் கழற்றி, தாளை வாங்கி, ஒரு வரியும் விடாமல் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க,” என்றார். “அளந்து வேற பாத்திருக்கீங்க. அண்ணே, அந்தப் பென்சில் குடுங்க.”

கொடுத்தேன். தாளின் மூலையில், நான் எழுதும் அதே இடத்தில், மூன்று எழுத்தை நிதானமாக எழுதினார். பிறகு அதைக் கம்பத்தில் லெசெனுக்குக் கீழே செருகினார்.

“பாக்குறேன்,” என்றார். “அடுத்து யாருப்பா? எண்ணெ காயுது.”

நான் புது விலை கொடுத்து இரண்டு வடை வாங்கிக்கொண்டேன்.